வாசகர் கேள்வி: இன்சுலின் செல்கள் முதிர்வது எப்படி?

கேள்வி: உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன என்றால், கணையத்தின் பீட்டா செல்கள் மட்டும் இன்சுலின் சுரப்பது எப்படி? பச்சிளம் குழந்தைகளுக்கும் அவை பெரியவர்களுக்குப் போலவே வேலை செய்யுமா?

பதில்: மரபணுக்கள் ஒன்றேயானாலும், அவற்றுள் எவை இயங்கும், எவை அடங்கியிருக்கும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். கருவில் பி.டி.எக்ஸ்.1 என்னும் கட்டுப்பாட்டுப் புரதம் கணையம் உருவாக வழிசெய்கிறது. பின்னர் நியூரோஜெனின்-3 என்னும் இன்னொரு கட்டுப்பாட்டுப் புரதம் சிறிது காலமே தோன்றி, சில முன்னோடிச் செல்களை ஹார்மோன் சுரக்கும் பாதைக்குத் திருப்புகிறது.

ஆயினும் இன்சுலின் சுரக்கத் தொடங்கியதாலேயே ஒரு செல் முதிர்ந்துவிடுவதில்லை. பிறந்த புதிதில் இச்செல்கள் இரத்தத்தில் குளுக்கோஸ் குறைந்திருக்கும்போதும் இன்சுலினை வெளியிடுகின்றன. குளுக்கோஸ் உயரும்போது போதிய அளவு சுரப்பதில்லை. சுண்டெலிகளில் இக்குறை, தாய்ப்பாலை விட்டு மாவுச்சத்து மிகுந்த உணவுக்கு மாறும் காலத்தையொட்டி நீங்குகிறது. அப்பருவத்தில் மாஃப்-பி என்னும் கட்டுப்பாட்டுப் புரதத்தின் இடத்தை மாஃப்-ஏ பிடித்துக்கொள்கிறது. (மனிதருக்கோ மாஃப்-பி வளர்ந்த பின்னும் நீடிக்கிறது, எலியில் கண்டதை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது.)

முதிர்ச்சியில் என்னை மிகவும் வியக்கவைப்பது, பிற செல்களுக்கு இன்றியமையாத சில மரபணுக்கள் இங்கே வேண்டுமென்றே அடக்கப்படுவதுதான். குளுக்கோஸைச் சிதைக்கத் தொடங்கும் ஹெக்ஸோகைனேஸ்-1 என்னும் நொதி, குளுக்கோஸ் மிகக் குறைவாக இருக்கும்போதே முழுவேகத்தில் இயங்கக்கூடியது; அது இங்கே இயங்கினால் சர்க்கரை குறைந்தபோதும் இன்சுலின் சுரக்கும். அதன் மரபணுவில் மெத்தில் குறிகள் (மரபணுவை அடக்கும் வேதிக் குறிகள்) படிந்து அது அடங்கிவிட, சர்க்கரை ஏற ஏற வேகமெடுக்கும் குளுக்கோகைனேஸ் என்னும் நொதி, குளுக்கோஸின் அளவறியும் பொறுப்பை ஏற்கிறது. ஹெக்ஸோகைனேஸ்-1 மரபணுவின் புரதக் குறியீடற்ற பகுதியில் ஏற்படும் மாற்றங்களால் அது அடங்காமற்போய், பிறவியிலேயே இன்சுலின் மிகுந்து சர்க்கரை வீழும் நோய் உண்டாவதை 2022இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு காட்டியது. இதற்கு இணையான இன்னொரு நோயும் உண்டு: குளுக்கோஸ் சிதையும்போது உண்டாகும் பைருவேட் என்னும் பொருளைச் செல்லுக்குள் கடத்தும் எம்.சி.டி.1 புரதத்தின் மரபணு பீட்டா செல்களில் அடங்காதவர்களுக்கு, கடும் உடற்பயிற்சியின்போது தசைகளிலிருந்து வரும் பைருவேட்டே இன்சுலினைத் தூண்டி, சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் ஆய்வகத்தில் வளர்க்கும் பீட்டா செல்கள்?

பதில்: 2014இல் ஹார்வர்டின் டக்ளஸ் மெல்டன் குழுவினர் மனிதக் குருத்தணுக்களிலிருந்து பெருமளவில் அவற்றை உருவாக்கிக் காட்டினர். எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் வளர்ப்புக் கலத்தில் உருவாகும் இத்தகைய செல்கள் பெரியவர்களின் பீட்டா செல்களைப் போல முழுமையாக முதிர்வதில்லை. எலிகளின் உடலில் பொருத்தி, வாரக்கணக்கில் இருந்த பிறகே அவற்றின் சுரப்பு மேலும் ஒழுங்குபடுகிறது.