மணி அடித்தும் எழும்பாதவர்கள்

கேள்வி: 38 வருடம் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்துவிட்டு 2022 டிசம்பர் 31இல் ஓய்வு பெற்றேன். பென்சன் ஒழுங்காக வருகிறது. பொழுதுதான் போகவில்லை. வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, மனைவிகூட ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போகிறார். முதியோர் சங்கத்துக்குப் போனேன், மரியாதை தெரியாத கூட்டம், விட்டுவிட்டேன். கனடாவிலிருக்கும் மகன் அங்கே வரச் சொல்கிறான். ஓய்வுக்காலத்துக்கு ஓர் அர்த்தம் தேடிக்கொள்வது எப்படி?
– பெயர் வேண்டாம், உருத்திரபுரம்.

பதில்: முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள், ஐயா. பகிடி இல்லை. அறுபது தாண்டியவரின் வீட்டில் எல்லோரும் திடீரென்று முணுமுணுக்கத் தொடங்கினால், பெரும்பாலும் குறை அவர்கள் வாயில் இல்லை. காது மந்தமாவது நமக்குத் தெரியாது, மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டதாகத்தான் தெரியும். இரண்டு தரம் 'என்ன? என்ன?' என்று கேட்போம். மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருக்கும், சும்மா தலையாட்டுவோம். 'உப்பு முடிஞ்சுது' என்றாலும் தலையாட்டுகிறவரோடு யார் உட்கார்ந்து கதைப்பார்கள்? லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மறதிநோய்க்கு வழிவிடும் 14 காரணிகளைப் பட்டியலிட்டது, எல்லாம் கவனித்தால் குறைக்கக்கூடியவை. காது கேளாமையும் தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் போகிற கையோடு காதையும் காட்டிவிட்டு வாருங்கள்.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் தேடுவது காலை ஏழரை மணிக்குக் கேட்ட 'வணக்கம் சேர்'. இத்தனை வருடமாக நீங்கள் வாசலில் கால் வைத்தால் ஒரு வகுப்பே எழும்பி நின்றது. இப்போது சைக்கிளை நிறுத்தினால் படலையடியில் படுத்திருக்கும் நாய்கூட எழும்புவதில்லை. அது வலிக்கும், வலிக்காது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் முதியோர் சங்கத்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் உங்கள் மாணவர் இல்லை, உங்கள் வயதுக்காரர். அவர் எதற்கு எழும்பவேண்டும்?

ஓய்வு என்ற சொல்லே வன்னியில் சிலருக்கு மட்டும் உரியது. அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக்கிய அரசாங்கம் 2022இலேயே திரும்ப 60 ஆக்கி, அறுபதைக் கடந்தவர்களையெல்லாம் வருடக் கடைசி நாளில் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பியது. உங்களுக்கு அது இடி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல் செய்பவருக்கு அது ரேடியோவில் வந்த இன்னொரு செய்தி. அவருக்கு எழுபத்தைந்து வயது. தண்ணீர் முறை இரவு ஒரு மணிக்கு வந்தால் டோர்ச்சும் மண்வெட்டியுமாக வரம்பில் நிற்பார். அவரிடம் போய் வாழ்க்கையின் அர்த்தம் கேளுங்கள். 'தம்பி, வரம்பு உடையப்போகுது, தள்ளி நில்' என்பார். (வறுமையைத் தத்துவமாக்கும் வியாதி எங்கள் தொழிலில் நிறைய உண்டு. அவருக்கும் முழங்கால் வலிக்கிறது, உங்கள் பென்சனில் பாதி வந்தால் அவரும் படுத்துத் தூங்குவார்.) அவர் இல்லாவிட்டால் அந்த இரவு ஒரு வேலை கெடும். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அதுதான் உங்கள் நோய்.

உங்களுக்கான வேலை பிரதேச செயலக வாசலில் கிடக்கிறது. ஒரு காலை அங்கே போய் நில்லுங்கள். ஒரு சொப்பிங் பையை மடியில் வைத்துக்கொண்டு யாராவது ஓர் அம்மம்மா இருப்பார். 2009இல் போரின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோர மாத்தளனிலிருந்து கடந்து வரும்போது வீட்டையும் மாட்டையும் விட்டவர்கள், அந்தப் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே மை பரவிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்த குடும்ப அட்டை. பக்கத்தில் தாயும் தகப்பனும் இல்லாமல் அவர் வளர்க்கும் பேரப்பிள்ளை. படிவத்தில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் பேனை நிற்கும். உள்ளே போனால் 'நிரப்பிக்கொண்டு வாங்கோ' என்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பி, உறுதிப்படுத்தி அனுப்பியவர் நீங்கள். உங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அதிபரின் கையெழுத்து இனிச் செல்லாது, கை இன்னும் நன்றாக எழுதும்.

ஒன்று மட்டும். பலகை மாட்டவேண்டாம், மேசை போடவேண்டாம், 'முன்னாள் அதிபர்' என்று சொல்லவும் வேண்டாம். முதியோர் சங்கத்துக்கும் திரும்பிப் போங்கள். தலைவர் பதவிக்கு ஆட்கள் எப்போதும் உண்டு, கூட்டக்குறிப்பு எழுதத்தான் ஆளில்லை. அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரித்துக்கொள்ள வசதியில்லாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டுச் சபையொன்றுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் சங்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு கூட்டத்தில் வாசித்து விளக்குங்கள். பிரம்பு இல்லாமல்.

அப்புறம் உங்கள் மனைவி. கடிதம் முழுவதிலும் அவர் ஒரு முணுமுணுப்பாக மட்டுமே வருகிறார். அவர் எந்தத் திகதியில் ஓய்வு பெற்றார்? நீங்கள் வீட்டோடு வந்ததில் அவருக்குப் பத்து மணித் தேத்தண்ணீர் ஒன்று கூடியதுதான் மிச்சம். நாளைக்குக் காலை புட்டுக்குத் தேங்காயை நீங்கள் திருவுங்கள். திருவலையிலிருந்து எழும்பும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அதற்குக் காது தேவையில்லை.

கனடா? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் உருத்திரபுரத்தில் போகாத பொழுது ஸ்காபரோ ஜன்னலோரத்தில் போய்விடும் என்று நம்பி வயலை விற்றுவிடாதீர்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை முடித்துக்கொண்டு கிளம்பினால் அங்கே பனியும் இராது. விமானம் ஏற முன்னர் காதைக் காட்டிவிடுங்கள். அங்கே பேரப்பிள்ளைகளின் தமிழ் உண்மையாகவே முணுமுணுப்பாகத்தான் இருக்கும்.