நிர்வாணாவுக்கு முந்தைய பத்தாண்டுகள்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் பெண்கள் ராக் குழுவான ஷோனென் நைஃபைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவர்களைக் கேட்டேன். சைக்கிள், ஜெல்லி, பார்பி பொம்மை என்று பாடுகிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வாசிப்பில் பெரிய தேர்ச்சி தெரியவில்லை. அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபெய்ன் தூக்கிவிடாமல் இருந்திருந்தால் இந்த மூன்று பெண்களை ஜப்பானுக்கு வெளியே யார் அறிந்திருப்பார்கள்?

மீ.

அன்புள்ள மீ.,

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. காக்கை பெரிய காக்கை என்பதால் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். பழம் பத்து வருடமாகப் பழுத்துக்கொண்டிருந்தது.

குழு தொடங்கியது 1981 டிசம்பர் 29, ஒசாகாவில். நவோகோ யமானோ கிட்டார், தோழி மிச்சியே நகாதானி பேஸ் கிட்டார், தங்கை அட்சுகோ டிரம்ஸ். மேடை உடைகளை வடிவமைத்ததும் அட்சுகோதான். நவோகோ அலுவலக வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். 1983இல் ‘பர்னிங் ஃபார்ம்’ தொகுப்பு வந்தது. 1985இல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரிலிருந்த கே ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் அதை ஒலிநாடாவாக வெளியிட்டது. கோபெய்ன் பின்னாளில் குடியிருந்த ஊர் அது. அங்கே ஷோனென் நைஃபின் பெயர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. 1989இல் சோனிக் யூத், எல்7 போன்ற அமெரிக்க ராக் குழுக்கள் சேர்ந்து இவர்களுடைய பாடல்களைத் தங்கள் பாணியில் வாசித்து ஒரு தொகுப்பே வெளியிட்டன. நிர்வாணாவுக்குப் பெரும்புகழ் தந்த ‘நெவர்மைண்ட்’ தொகுப்பு வந்தது 1991 செப்டம்பரில். யார் யாரைக் கண்டெடுத்தார்கள் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்கு நிர்வாணா அழைத்தபோது நவோகோவுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. கடைக்குப் போய் சிடி வாங்கி, அதிலிருந்த படத்தைப் பார்த்துப் பயந்துபோனாராம். முரடர்கள் என்று நினைத்துவிட்டார். பழகிய பின்புதான் நல்ல பிள்ளைகள் என்று தெரிந்தது. கோபெய்னோ இவர்களை மேடையில் பார்த்தபோது பீட்டில்ஸ் கச்சேரிக்கு வந்த ஒன்பது வயதுச் சிறுமிபோல் ஆகிவிட்டதாகச் சொன்னார். புகழ் எந்தப் பக்கம் இருந்தது என்பது சரி, பரவசம் எந்தப் பக்கம் இருந்தது என்றும் பாருங்கள்.

தேர்ச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க பங்க் ராக் குழுவான ரமோன்ஸின் வேகமும் பீட்டில்ஸின் மெட்டும் பிடித்துப்போனவர்கள், தங்களுக்குத் தெரிந்த சில கிட்டார் கார்டுகளில் (சுரக்கூட்டுகளில்) அவற்றைச் சேர்க்கப் பார்த்தார்கள். ஆமை முத்திரைப் பாத்திரம் தேய்க்கும் நாருக்கு ஒரு பாட்டு இருக்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் நாலு வரியில் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் தேசிய கீதத்துக்குரிய மரியாதையோடு பாடுகிறார்கள். வேடிக்கையெல்லாம் சொல்லில்தான், இசையில் கண்சிமிட்டல் கிடையாது. காதல் பாட்டு எழுத வெட்கமாக இருக்கிறது என்று நவோகோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெண்கள் குழு என்றால் காதலும் கண்ணீரும் பாடவேண்டும் என்ற எதிர்பார்ப்பை இந்த வெட்கம் எந்தக் கொள்கை முழக்கமும் இல்லாமல் உடைத்தது என்பது என் கட்சி.

1992இல் பெரிய நிறுவனத்துக்காக ‘லெட்ஸ் நைஃப்’ தொகுப்பில் பழைய பாடல்களை, பெரும்பாலும் ஆங்கிலத்தில், மறுபடி பதிவு செய்தார்கள். உங்கள் காதில் விழுந்தது அநேகமாக அதுதான். ஒலி துலங்கியது, கொஞ்சம் துடுக்கு குறைந்தது. 1993இன் ‘ராக் அனிமல்ஸ்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 1994இல் அமெரிக்காவின் லொல்லபலூசா இசைவிழாவில் வாசித்தார்கள். பிறகு பத்திரிகைகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

கோபெய்ன் தயவில் வாழ்ந்த குழு என்றால் அத்தோடு கடையைக் கட்டியிருக்க வேண்டும். 1999இல் மிச்சியே விலகினார். அட்சுகோ பேஸுக்கு மாறினார். டிரம்ஸுக்கு வந்த மானா நிஷியுரா, 2005இல் வேறொரு குழுவுடன் அமெரிக்காவில் பயணம் செய்தபோது சாலை விபத்தில் இறந்தார். பிறகு அட்சுகோவும் போனார், பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். நவோகோ மட்டும் ஒருமுறைகூட இறங்கவில்லை. 2011இல் ரமோன்ஸ் பாடல்களையே ஒரு தொகுப்பாக வாசித்தார்கள். 2023இல் ‘அவர் பெஸ்ட் பிளேஸ்’ வந்தது.

‘ட்விஸ்ட் பார்பி’ 1983 தொகுப்பிலும் இருக்கிறது, 1992 தொகுப்பிலும் இருக்கிறது. பழையதை முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகும் தேர்ச்சிதான் குறை என்று தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடலாம்.