தரவுத்தள சேர்வரைத் தானியங்கியாக அமைப்பது என்றால் என்ன?

போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தை நிறுவி, பயனர்களை உருவாக்கி, யார் எந்த அட்டவணையைப் பார்க்கலாம், மாற்றலாம் என்று உரிமை கொடுப்பதையெல்லாம் கையால் தட்டாமல், ஒரு கோப்பில் எழுதிவைத்து அன்சிபிள் போன்ற கருவியால் செய்விப்பதுதான் இது. கையால் செய்தால் மட்டக்களப்புக் கிளையின் சேர்வரும் கல்முனைக் கிளையின் சேர்வரும் கொஞ்ச நாளில் வேறு வேறாகிவிடும், யாருக்கு ஏன் உரிமை கொடுத்தோம் என்பதும் ஒருவருக்கும் நினைவிருக்காது. கோப்பில் இருந்தால் வாசித்தே பார்க்கலாம்.

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையை நினையுங்கள்: தராசில் நிற்பவருக்குக் களஞ்சியச் சாவி எதற்கு? அறிக்கை எடுக்கும் செயலிக்கும் வாசிக்கும் உரிமை போதும், அதற்குமேல் கொடுக்கவே வேண்டாம். அப்புறம், கடவுச்சொல்லை அந்தக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடாதீர்கள்.

வேலையை விட்டுப்போனவரின் பெயரைக் கோப்பிலிருந்து அழித்தால் அவர் கணக்கும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் போகாது. 'இந்தப் பயனர் இருக்கக்கூடாது' என்று எழுதி ஓட்டினால்தான் போகும்.