காசு கொடுத்து வாங்கிய நாற்றை வெட்டிப் போடுவதா?

கேள்வி: முளைக்குமோ முளைக்காதோ என்ற பயத்தில் ஒரு பாக்கெட் தக்காளி விதையை மொத்தமாக ஒரே தொட்டியில் தூவிவிட்டேன். இப்போது முப்பது நாற்பது நாற்றுகள் கீரைப் பாத்தி மாதிரி நிற்கின்றன. பாதியைப் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய விதை, மனசு வரவில்லை. அப்படியே விட்டால் என்ன?

பதில்: பாதி போதாது. அந்தத் தொட்டியில் கடைசியில் ஒரே ஒரு செடிதான் இருக்க வேண்டும்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்கும். நீங்கள் வாங்கியதிலேயே மலிவானது ஒற்றை விதைதான். தொட்டி, மண்கலவை, உரம், அப்புறம் மூன்று மாதம் தினமும் தண்ணீர் ஊற்றும் உங்கள் உழைப்பு, இவைதான் உண்மையான செலவு. நாற்பது நாற்றுகளைக் காப்பாற்றப் போய் இத்தனையையும் வீணடிப்பது லாபமில்லை. நானும் ஆரம்பத்தில் மனசு வராமல் ஒரே தொட்டியில் நாலு செடி விட்டேன். புதர் மாதிரி இலை வந்தது. காய் மட்டும் கோலிக்குண்டு அளவைத் தாண்டவில்லை.

நெருக்கமாக நிற்கும் நாற்றுகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெட்டையாக, நூல் மாதிரி வளரும். இடையில் காற்றுப் புகாது, மண்ணின் மேல்பகுதி காயாது. அந்த ஈரத்தில்தான் நாற்றழுகல் நோய் வரும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்த மாதிரி மெலிந்து, நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று காலையில் சாய்ந்து கிடக்கும். பூஞ்சை ஒரு நாற்றிலிருந்து பக்கத்து நாற்றுக்குப் போக அதிக நேரம் ஆகாது. நீங்கள் ஒன்றையும் கலைக்காவிட்டால், அதாவது கூடுதல் நாற்றுகளை எடுக்காவிட்டால், நோயே மொத்தத்தையும் கலைத்துவிடலாம்.

எப்போது செய்வது? முளைத்ததும் விரிகிற நீண்ட இரண்டு இலைகள் விதையிலைகள். அவை விரிந்தவுடன், ஒட்டி ஒட்டி நிற்பவற்றை மட்டும் எடுத்து, நாற்றுக்கு நாற்று 2 அல்லது 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். சில நாளில் ஓரத்தில் வெட்டு வெட்டாக, தக்காளி இலை போலவே தெரியும் உண்மை இலைகள் வரும். அவை இரண்டு வந்ததும் இரண்டாம் சுற்று. அப்போதுதான் எது தங்குவது, எது போவது என்று முடிவு செய்ய வேண்டும்.

இங்கே பலரும் தவறுவது, இருப்பதிலேயே உயரமானதைத் தேர்ந்தெடுப்பது. உயரம் பலமல்ல, பெரும்பாலும் வெளிச்சப் பஞ்சத்தின் அடையாளம். குட்டையாக, தண்டு தடித்து, இலைகள் நெருக்கமாகவும் நல்ல பச்சையாகவும் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாததைப் பிடுங்காதீர்கள். வேர்கள் பின்னிக் கிடக்கும். ஒன்றை இழுத்தால் நீங்கள் வைத்துக்கொள்ள நினைத்ததும் ஆட்டம் காணும். சின்னக் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டால் போதும், மறுபடி தழைக்காது. வெட்டியதைக் கீரைக் குருத்து மாதிரி சாப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தக்காளி இலையிலும் தண்டிலும் டொமாட்டின் என்ற கசப்பான வேதிப்பொருள் இருக்கிறது. மக்கும் குப்பையில் போடுங்கள்.

சரி, எல்லாவற்றையுமே வெட்ட வேண்டியதில்லை. கேரட் மாதிரி இல்லை, தக்காளி இடம் மாற்றினால் தாங்கும். கலைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர் ஊற்றி, ஸ்பூன் காம்பை அடியில் விட்டு நெம்பி, மண்ணோடு தூக்குங்கள். பிடிப்பது இலையை, தண்டை அல்ல. இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போயிற்று. அடியில் துளையிட்ட கப்பில், விதையிலை வரை தண்டு புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும் என்பது தக்காளியின் தனிச் சிறப்பு. நெட்டையாகிப்போன நாற்றைக்கூட இப்படி ஓரளவு சரிசெய்யலாம். இரண்டு மூன்று நாள் நேர் வெயில் படாமல் வையுங்கள்.

எத்தனையை மாற்றுவது என்பதை உங்களிடம் உள்ள பெரிய தொட்டிகளை எண்ணி முடிவு செய்யுங்கள். இரண்டு தொட்டி இருந்தால் இரண்டு நாற்று, கூடவே ஒன்றிரண்டு கையிருப்பு. மீதி கத்தரிக்கோலுக்கு. இல்லாவிட்டால் நாற்பது நாற்றுக்காக நாற்பது பை வாங்கக் கடைக்குப் போவீர்கள்.

கேள்வி: ஒரு செடிக்கு எவ்வளவு பெரிய பை வாங்குவது?

பதில்: பாக்கெட்டைப் பாருங்கள். குட்டையான புதர் ரகமென்றால் 10 முதல் 12 லிட்டர் போதும். படர்ந்து வளர்ந்துகொண்டே போகும் ரகத்துக்கு 20 லிட்டராவது வேண்டும். கடைகளில் அங்குலத்தில்தான் சொல்வார்கள்: 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். அடியில் வடிகால் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நாற்றுப் பண்ணையில் ஒரே விலைக்கு ஒரு கப்பில் ஒற்றைச் செடியும், இன்னொன்றில் நாலு செடியும் இருந்தன. நாலு இருப்பதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: ஒற்றைச் செடியை வாங்குங்கள். அந்த நாலும் ஒரே கைப்பிடி மண்ணைப் பங்கு போட்டு வளர்ந்தவை. பிரித்தால் வேர் அறும், பிரிக்காவிட்டால் மேலே சொன்ன கதைதான். வாங்கும்போது கப்பைத் தூக்கிப் பாருங்கள். துளை வழியே வேர் கொத்தாக வெளியே வந்திருந்தால் அது கப்பில் ரொம்ப நாள் இருந்துவிட்டது. சின்னக் கப்பிலேயே பூவும் பிஞ்சுமாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வேர் ஓட இடமில்லாமல் அவசரப்பட்டுப் பூத்திருக்கும். செடியை லேசாக ஆட்டும்போது வெள்ளையாகச் சின்னப் பூச்சிகள் பறந்தால், அந்த வரிசையையே விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: நெட்டையாக வளரும் நாற்றுக்கு டானிக் ஒன்று இருக்கிறது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கலைத்துவிட்டு, வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். வெளிச்சம் குறைவான இடத்தில் ஊட்டம் கொடுத்தால் இன்னும் நெட்டையாகத்தான் வளரும்.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. போட்டதில் கால்வாசிகூட முளைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். ரசீதையும், குவியல் எண்ணும் (Lot No.) காலாவதித் தேதியும் அச்சிட்ட பாக்கெட்டையும் எறிந்துவிடாதீர்கள். மிச்ச விதையில் பத்தை எண்ணி, ஈரமான காகிதக் கைக்குட்டையில் மடித்து, மூடியுள்ள டப்பாவில் 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் வையுங்கள். பத்து நாளில் ஏழெட்டு முளைத்தால் விதையில் குறையில்லை. ஆழமாகப் புதைத்திருப்பீர்கள், அல்லது மண் குளிர்ந்தோ சகதியாகவோ இருந்திருக்கும். இரண்டு மூன்றுதான் முளைத்தது என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கும் முளைப்புச் சதவீதத்தோடு ஒப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். விதை இளஞ்சிவப்பு போன்ற நிறத்தில் இருந்தால் மருந்து பூசியது, தொட்டபின் கையைக் கழுவுங்கள். அடுத்த முறை ஒரு கப்புக்கு இரண்டு விதை மட்டும் போட்டு, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம்படாமல் குளுமையான இடத்தில் வைத்தால் மூன்று நாலு வருஷம் தாங்கும்.