ஸ்காட்லாந்து நாட்டுப்புறம்: எங்கே நடக்கலாம், எங்கே விலகி நிற்க வேண்டும்? – கேள்வி பதில்

இன்வர்னஸ் பக்கம் குடியிருக்கிறேன். வார இறுதிகளில் நடைபயணக் குழுக்களோடு மலைக்குப் போவது வழக்கம். ஸ்காட்லாந்துக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களும் இங்கேயே படிக்கிற, வேலை பார்க்கிற நம்மவர்களும் கேட்ட கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மாணவர், டண்டீ): அக்கா, ஸ்காட்லாந்தில் யாருடைய நிலத்திலும் நடக்கலாம், யாரும் தடுக்க முடியாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா? வழியில் வேலி, கேட், 'பிரைவேட்' போர்டு எல்லாம் இருக்கிறதே?

பெருமளவு உண்மைதான், தம்பி. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் மலை, காடு, கடற்கரை, ஏரி, ஆறு என்று பெரும்பாலான இடங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் துடுப்புப் படகு விடவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. நிலம் யாருடையது என்பது பொருட்டில்லை. இங்கிலாந்தில் இவ்வளவு தாராளமான சட்டம் கிடையாது. ஆனால் பொறுப்போடு நடந்துகொள்கிறவரைக்கும்தான் அந்த உரிமை உங்களுக்கு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. எது பொறுப்பு என்பதை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 'ஸ்காட்டிஷ் அவுட்டோர் அக்சஸ் கோட்' விளக்குகிறது. கிளம்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வீட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டத்தையும் விட்டுவிட வேண்டும். பள்ளி வளாகம், கட்டணம் வாங்கி உள்ளே விடுகிற இடங்கள் ஆகியவற்றுக்கும் இந்த உரிமை பொருந்தாது. விதைத்த வயலுக்குள் இறங்கக் கூடாது. வரப்போரமாகப் போகலாம், டிராக்டர் சக்கரத் தடத்திலும் நடக்கலாம். மோட்டார் வண்டி, வேட்டை, மீன்பிடிப்பு எதுவும் இதில் சேராது. வெறும் 'பிரைவேட்' போர்டு மட்டும் இருந்தால் அது உங்கள் நடையைத் தடுக்காது. மரம் வெட்டுகிறார்கள், வேட்டை நடக்கிறது என்று காரணமும் தேதியும் போட்டிருந்தால் மதித்துச் சுற்றிப் போங்கள்.

கேட் விஷயத்தில் பலரும் நல்ல எண்ணத்தோடுதான் தவறு செய்கிறார்கள். திறந்து கிடக்கிற கேட்டை மூடிவிட்டுப் போவார்கள். அது ஆடுகள் தண்ணீருக்குப் போகிற வழியாக இருக்கலாம். எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். பூட்டிய கேட்டை ஏறித் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் கீல் இருக்கிற பக்கமாக ஏறுங்கள். மறுமுனையில் ஏறினால் எடை தாங்காமல் கேட் தொய்ந்துவிடும். அப்புறம் விவசாயி அதைத் தூக்கி நிறுத்த ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், கிளாஸ்கோ): நண்பர்கள் பத்துப் பேர். லாக் லோமண்ட் ஏரிக்கரையில் டென்ட் போட்டு, விறகு அடுப்பில் பிரியாணி செய்யலாம் என்று திட்டம். ஜூலை மாதம். அனுமதி வேண்டுமா?

திட்டத்தை மாற்றுங்கள். காட்டில் கூடாரம் போடும் உரிமை சின்னக் குழுக்களுக்கானது: இரண்டு மூன்று கூடாரம், ஒரே இடத்தில் அதிகபட்சம் இரண்டு மூன்று இரவு, சாலையையும் வீடுகளையும் பழங்காலச் சின்னங்களையும் விட்டு விலகி. பத்துப் பேர் என்றால் முறையான கேம்ப்சைட்தான் சரி.

லாக் லோமண்ட் வட்டாரத்துக்குத் தனி விதியும் உண்டு. கரையோரம் வெட்டுப்பட்ட மரங்களும் எரிந்த தரையும் குப்பையுமாகச் சீரழிந்ததால் 2017 முதல் மார்ச் 1 தொடங்கி செப்டம்பர் 30 வரை, தேசியப் பூங்கா வரையறுத்த பகுதிகளில் பர்மிட் இல்லாமல் கூடாரம் போடுவது குற்றம். 500 பவுண்டு வரை அபராதம். பர்மிட்டை ஆன்லைனில் எடுத்துவிடலாம்.

விறகைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இங்கே பல இடங்களில் காலடியில் இருப்பது பீட். செடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதாக மக்காமல் சேர்ந்து உருவான கரிமண் அது. மேலே தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்துவிட்டோம் என்று நினைப்போம்; உள்ளே நாள்கணக்கில் கனன்று வேறோர் இடத்தில் கிளம்பும். 2023 கோடையில் கேனிக் கிராமத்துப் பக்கம் காட்டுத்தீ பரவியபோது இன்வர்னஸ்காரர்கள் பலருக்கும் அந்தப் புகை நெடி நன்றாகத் தெரியும். கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள், அதையும் தட்டையான கல்மேல் வையுங்கள். வீட்டிலேயே பிரியாணி செய்து பாத்திரத்தோடு எடுத்துப்போனால் இன்னும் உத்தமம். மலம் கழிக்க வேண்டி வந்தால் ஏரி, ஓடையிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். டிஷ்யூவைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, லண்டன்): வணக்கம் அக்கா. நாங்கள் குடும்பமாக ஓகஸ்ட் நடுப்பகுதியில் வாறம். பிள்ளைகளுக்குப் பஃபின் பறவை காட்டவேணும் எண்டு ஆசை. எந்தத் தீவுக்குப் போறது நல்லது?

ஆகஸ்ட் நடுவில் வந்தால் பஃபின் இருக்காதே. ஏப்ரலில் கரைக்கு வந்து குஞ்சு வளர்த்து, ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாமே கடலுக்குத் திரும்பிவிடும். அடுத்த வருடம் மே கடைசியிலோ ஜூனிலோ வர முடிந்தால் ஆன்ஸ்ட்ரதரிலிருந்து படகில் ஐல் ஆஃப் மே தீவுக்கோ, மல் தீவுப் பக்கமிருந்து லங்கா (Lunga) தீவுக்கோ போங்கள். பஃபின் மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிற பறவை. மேலே பார்த்தால் வெறும் புல்தரைதான் தெரியும். பாதையை விட்டு ஓரடி தள்ளி மிதித்தாலும் வளை இடிந்து, உள்ளே இருக்கிற ஒற்றைக் குஞ்சோடு மூடிக்கொள்ளும். பிள்ளைகளிடம் இதைப் படகிலேயே சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கவனமாக நடப்பார்கள்.

இந்த வருடத்துக்கு ஏமாற்றம் வேண்டாம். நார்த் பெரிக் கரையிலிருந்து பாஸ் ராக் பாறையைச் சுற்றி வருகிற படகில் ஏறுங்கள். வட கேனட் என்ற கடற்பறவைக்கு உலகிலேயே மிகப் பெரிய குடியிருப்புகளில் ஒன்று அது. ஆகஸ்டிலும் பாறை முழுக்க வெள்ளை வெளேரென்று பறவைகள் இருக்கும். 2022 பறவைக் காய்ச்சலில் அங்கே ஏராளமானவை செத்தன. பழையபடி நிரம்ப இன்னும் காலமாகும். செத்த பறவையை எங்கே கண்டாலும் பிள்ளைகள் தொட வேண்டாம். வடக்கே வருவதாக இருந்தால் ஃபோர்ட்ரோஸ் பக்கத்தில் சானன்ரி பாயின்ட். கடல் ஏறத் தொடங்குகிற நேரத்தில் போய்க் கூழாங்கல் கரையில் உட்கார்ந்தால் போதும். மீனைத் துரத்திக்கொண்டு டால்பின்கள் கரைக்கு மிகப் பக்கத்தில் வரும். படகுச் செலவும் இல்லை, டால்பின்களுக்குத் தொந்தரவும் இல்லை.

கேள்வி (போட்டோகிராபர், கோயம்புத்தூர்): ஏப்ரலில் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதிக்கு வருகிறேன். கேப்பர்கெய்லி சேவல் ஆடுவதைப் படமெடுக்க வேண்டும். இடம் சொல்ல முடியுமா? யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பைன் காட்டில் வாழ்கிற, வான்கோழி அளவுள்ள பறவை இது. பிரிட்டனில் ஒருமுறை முழுக்க அழிந்து, 1837-இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து திரும்ப விடப்பட்டது. இப்போது மறுபடியும் 500 சொச்சத்தில் நிற்கிறது. சேவல்கள் விடியற்காலையில் ஒரே இடத்தில் கூடி ஆடும். பெட்டைகள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும். வருடத்தில் சில வாரங்களே நடக்கிற அந்த நேரத்தில் மனித நடமாட்டம் இருந்தால் பெட்டைகள் ஒதுங்கிவிடும், அந்த ஆண்டு இனப்பெருக்கம் கெடும். அப்போது அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படியும் குற்றம். ஒருவர் கேமராவோடு போனால் பரவாயில்லை என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். தற்செயலாகப் பாதையில் எதிர்ப்பட்டால் நிற்காமல் அப்படியே விலகிப் போங்கள்.

அதற்குப் பதில் ஏப்ரலில் விரால் அடிப்பானை (osprey) பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்து கூடு சீராக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் கூடு கட்டுவதே நின்றுபோன பறவை அது. 1954-இல் லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் தானாகத் திரும்ப வந்தது. 1958-இல், காவல் இருந்தும் முட்டை திருடுகிறவர் இரவில் மரமேறிக் கூட்டைச் சூறையாடினார். பறவையைப் பாதுகாத்தவர்கள் அடுத்த ஆண்டு துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள்: இடத்தை ஒளித்துவைக்காமல், தூரத்தில் மறைவிடம் அமைத்துப் பொதுமக்களையே பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள், குஞ்சுகளும் பொரிந்து பறந்தன. இன்று டங்கெல்ட் பக்கத்தில் லாக் ஆஃப் தி லோஸ் ஏரியிலும் மறைவிடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். நீண்ட லென்ஸ் கொண்டுவாருங்கள்.

கேள்வி (செவிலியர், அபர்டீன்): நவம்பரில் கடற்கரையில் வெள்ளை ரோமத்தோடு சீல் குட்டி ஒன்று தனியாகக் கிடந்தது. அழுதது போல இருந்தது. சிலர் தண்ணீருக்குள் தள்ளப் பார்த்தார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?

தள்ளவே கூடாது. வெள்ளை ரோமம் இருக்கிறது என்றால் அது பால் குடிக்கிற சாம்பல் சீல் குட்டி. கடலுக்குத் தயாரான வயதில்லை. சுமார் மூன்று வாரம் கரையிலேயே கிடந்து தாயிடம் பால் குடிக்கும். தாய் பக்கத்துக் கடலில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கூட்டம் நின்றால் அது கரையேறாது. விலகி, நாயைக் கட்டி, மற்றவர்களையும் விலகச் சொல்லுங்கள். காயமோ மெலிவோ தெரிந்தால் பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூ அமைப்புக்கோ ஸ்காட்டிஷ் எஸ்.பி.சி.ஏ.வுக்கோ போன் செய்யுங்கள். சீல் கடித்தால் புண் மோசமாகச் சீழ்பிடிக்கும், நர்ஸான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அபர்டீனுக்கு வடக்கே நியூபர்க் கரைக்கு ஒருமுறை போங்கள். ஐதன் ஆறு கடலில் சேருகிற இடத்தில் நூற்றுக்கணக்கான சீல்கள் மணலில் கிடக்கும். சட்டப் பாதுகாப்பு பெற்ற இடம். நியூபர்க் பக்கக் கரையிலேயே நின்று ஆற்றுக்கு இக்கரையிலிருந்து பாருங்கள். எதிர்க்கரைக்குப் போனால் அவை அடித்துப்பிடித்துத் தண்ணீரில் விழும். ஒரு சீல் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால், அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்குங்கள்.

கேள்வி (கிளாஸ்கோ): மான்களுக்கு பிஸ்கட், கேரட் கொடுக்கலாமா? சாலையோரத்தில் அவையே வந்து நிற்கின்றனவே.

கொடுக்காதீர்கள். டொரிடன் பகுதியில் பெய்ன் ஏ மலையடிவாரக் கார் நிறுத்துமிடத்தில் கேலம் என்று எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஓர் ஆண் சிவப்பு மான் இருந்தது. வந்தவர்களெல்லாம் தின்பண்டம் கொடுத்துப் படமெடுத்தார்கள். கடைசியில் அதன் உடல்நிலை கெட்டு, நிலத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. அந்தப் படங்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி (எடின்பரா): நாயோடு மலைக்குப் போகலாமா?

போகலாம். ஏப்ரல் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் இருப்பதால் கயிற்றிலேயே வைத்திருங்கள். குட்டி போட்ட ஆடுகள் இருக்கிற வயலுக்குள் நாயைக் கொண்டுபோகவே வேண்டாம். நாய் ஆட்டைத் துரத்தினால் 40,000 பவுண்டு வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். மாடுகள் உங்களை நோக்கி ஓடிவந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். அவை விரட்டுவது நாயைத்தான். அது ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

கேள்வி (ஆசிரியர், மதுரை): பழைய கல்வட்டங்கள் பார்க்க வருகிறோம். தொடலாமா? மாணவர்களுக்குக் காட்ட ஒரு சின்னக் கல் எடுத்துவரலாமா? ஸ்கை தீவில் கற்களை அடுக்கிவைப்பதைப் படத்தில் பார்த்தேன்.

கல் எடுக்க வேண்டாம், சார். கலோடன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் கிளாவா கெய்ர்ன்ஸ் இருக்கிறது. சுமார் 4,000 ஆண்டு பழைய கல்லறைகள். டிக்கெட் இல்லை, காவலாளும் கிடையாது. தெரியாதவர் கண்ணுக்கு வெறும் கற்குவியலாகத் தெரிகிற அதில் ஒவ்வொரு கல்லுக்கும் இடம் உண்டு. ஒருத்தர் ஒன்று எடுத்தாலும் ஆராய்ச்சியாளருக்கு ஒரு தடயம் போச்சு. கல்மேல் ஏறுவது, சாக்பீஸ் தேய்ப்பது, இடுக்கில் நாணயம் செருகுவது எல்லாமே கெடுதல். பாசி போலப் படர்ந்திருக்கிற லைக்கன்கூட மெதுவாக வளர்கிற உயிர்.

நீங்கள் படத்தில் பார்த்தது ஸ்கையில் உள்ள ஃபேரி க்ளென் ஆக இருக்கும். சுருள் வட்டமாகக் கல் அடுக்கியது அந்த ஊர் மரபே இல்லை. சுற்றுலாக்காரர்கள் செய்தது. ஊர்க்காரர்கள் பலமுறை கலைத்துப்போட்டிருக்கிறார்கள். ஆர்க்னியில் பிராட்கர் கல்வட்டத்தில் காலடி பட்டுத் தரை தேய்ந்து சேறாகிவிடுவதால் பாதையை அவ்வப்போது மூடி ஆறவிடுகிறார்கள். மூடியிருந்தால் வெளிப்பாதையில் சுற்றி வாருங்கள், கற்கள் அங்கிருந்தும் முழுசாகத் தெரியும்.

தரையில் பழைய பொருள் எதுவும் கண்ணில் பட்டால் தோண்டாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு தெரிவியுங்கள். ஸ்காட்லாந்தில் உரிமையாளர் இல்லாத புதையல் அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவருக்குச் சன்மானம் கிடைக்கலாம். 2014-இல் கிடைத்த வைக்கிங் காலத்து கேலவே புதையல் அப்படித்தான் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதே குற்றம்.

கேள்வி (மாணவி, ஸ்டெர்லிங்): அருவியில் குளிக்கலாமா?

உரிமை இருக்கிறது. ஆனால் நம் ஊர் அருவி மாதிரி நினைத்து இறங்காதீர்கள். 2024 ஏப்ரலில் பிட்லாக்ரி பக்கத்தில் லின் ஆஃப் டம்மல் அருவியில் இந்திய மாணவர்கள் இருவர் தண்ணீரில் விழுந்து உயிரிழந்தார்கள். வெயில் அடித்தாலும் தண்ணீர் மூச்சை நிறுத்துகிற அளவு குளிரும், பாறை வழுக்கும். அருவியோரப் பாறைகளில் ஏறிப் படமெடுக்காதீர்கள், கண்ணா.

கேள்வி (லீட்ஸ்): அக்டோபர் முதல் வாரம் க்ளென் அஃப்ரிக் பள்ளத்தாக்குக்கு வருகிறோம். ஆண் மான் உறுமுவதைக் கேட்க வேண்டும், மலையும் ஏற வேண்டும். அது வேட்டைக் காலம் என்கிறார்களே?

ஆமாம், இரண்டும் ஒரே சமயத்தில்தான் வரும். செப்டம்பர் கடைசியிலிருந்து ஆண் சிவப்பு மான்கள் பெட்டைகளுக்காக உறுமி மோதிக்கொள்ளும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 20 வரை ஆண் மான் வேட்டையும் மும்முரமாக நடக்கும். வேட்டை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஓநாய் அழிந்துபோன நாட்டில் மான்களை யாரும் குறைக்காவிட்டால் பைன் கன்றுகள் தலையெடுக்க முடியாது. மான்களே பட்டினியால் சாகும். நீங்கள் மேட்டில் நடந்து மான்கூட்டத்தைக் கலைத்துவிட்டால் வேட்டைக்காரரின் அன்றைய உழைப்பு முழுக்க வீண்.

'ஹெட்டிங் ஃபார் தி ஸ்காட்டிஷ் ஹில்ஸ்' இணையப் பக்கத்தில் அந்தந்த எஸ்டேட் எந்த நாளில் எங்கே வேட்டையாடுகிறது, எந்தப் பாதையில் போகலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள அறிவிப்புப் பலகையையும் படியுங்கள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வேட்டை இருக்காது, அன்றைக்கு மலையேறுங்கள். மற்ற நாட்களில் ஏரியோரப் பாதையே போதும், உறுமல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஒற்றைத்தடச் சாலையில் எதிர்வண்டிக்காக விட்ட ஒதுக்கிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அது ஆம்புலன்ஸுக்கும் வழி. இரவு அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் உண்ணிக் கொக்கியாலோ கூர்மையான இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து எடுத்துவிடுங்கள். கடித்த இடத்தில் சில நாளிலோ வாரத்திலோ சிவப்பு வளையம் பரவினால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.