தங்கம் எடுத்தவர் ஏன் சிறைக்குப் போனார்?

வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களில் ஆர்ஓவி ஓட்டிவிட்டு (கேபிளில் கட்டிக் கடலடிக்கு இறக்கும் ஆளில்லா இயந்திரம்) இப்போது முல்லைத்தீவில் இருக்கிறேன். அமெரிக்க ஆழ்கடல் தேடுநர் டொமி தொம்சனைப் பற்றி வந்த கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது, கோபிக்க வேண்டாம்.

கேள்வி (முள்ளியவளை, உயர்தர மாணவி): தொம்சன் சுழியோடியா, ஐயா? கப்பலை எப்படிக் கண்டுபிடித்தார்?

பதில்: சுழியோடி இல்லை, மகள். ஒகையோ மாநிலத்துப் பொறியியலாளர். அவர் தேடிய ‘சென்ட்ரல் அமெரிக்கா’ என்ற நீராவிக் கப்பல் 1857 செப்டெம்பரில் கலிபோர்னியத் தங்கத்தோடு நியூயோர்க் போகும் வழியில் புயலில் அகப்பட்டுத் தாண்டது. ஏறக்குறைய 425 பேர் செத்தார்கள். கிடந்த ஆழம் சுமார் 2,200 மீற்றர்.

தொம்சன் எடுத்த எடுப்பில் கடலுக்குப் போகவில்லை. பழைய பத்திரிகைகளுக்குள் போனார். தப்பியவர்கள் சொன்னது, அந்தப் பக்கம் வந்த கப்பல்களின் மாலுமிகள் சொன்னது, காற்றின் திசை எல்லாவற்றையும் சேர்த்தார். அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்தாததை எறிந்துவிடாமல், ஒவ்வொன்றும் சரியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று லோரன்ஸ் ஸ்டோன் என்ற கணித வல்லுநரைக் கொண்டு கணக்குப் போட்டார். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அங்கே கப்பல் கிடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கட்டத்துக்கு ஒரு இலக்கம். நிகழ்தகவு படிக்கும்போது ‘இது எங்கே உதவப் போகிறது’ என்று முணுமுணுப்பீர்களே, இங்கேதான்.

பிறகு சோனார் (ஒலியை அனுப்பி, எதிரொலியால் கடலடியைக் காட்டும் கருவி). அதைக் கேபிளில் கட்டி, வயலில் சால் பிடிப்பது போலப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி இழுக்க வேண்டும். ஒரு சால் மற்றதன் ஓரத்தில் ஏறாவிட்டால் தேடிய கப்பல் இடையில் தப்பிவிடும். கிலோமீற்றர்க் கணக்கில் கேபிள் பின்னால் தொங்கும்போது கப்பலைத் திருப்பி எடுக்கவே மணித்தியாலங்கள் போகும். 1988இல் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி (அளம்பில்): எங்கள் கடலட்டை பிடிக்கும் சுழியோடிகள் அங்கே இறங்க முடியாதா, அண்ணை?

பதில்: முடியாது. 10 மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 2,200க்கு நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): ஒருவரிடம் தங்கம் காட்டும் ஸ்கானர் இருக்கிறது. பங்குக்கு இரண்டு இலட்சம் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். வீட்டுக்காரியின் நகையை அடைவு வைத்துப் போடவே போடாதீர்கள். அனுமதி இல்லாமல் புதையல் தோண்டுவது குற்றம். அதைவிட, எங்கள் மண்ணில் மண்வெட்டி போடும் இடத்தில் தங்கத்துக்கு முன் வெடிபொருள் இருக்கலாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, மெக்கானிக்): அத்தனை ஆழத்தில் சில்லறைக் காசை எப்படிப் பொறுக்கினார்கள்?

பதில்: நல்ல கேள்வி. பொறுக்கவில்லை, தம்பி. ‘நீமோ’ என்று ஒரு இயந்திரம் செய்தார்கள். அது காசுக் குவியலின் மேல் சிலிக்கோனை ஊற்றும். இறுகியதும் குவியலைக் கட்டியாகத் தூக்கும். இரும்புக் கை ஒரு கீறல் போட்டாலும் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை விழுந்துவிடும், அதற்காகத்தான். இயந்திரக் கைக்குத் தொடுஉணர்வு இல்லை. திரையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இயந்திரத்தை நகர்த்தும் விசிறி கொஞ்சம் வேகமாகச் சுழன்றால் சேறு கிளம்பித் திரை முழுக்கப் புகைமூட்டமாகிவிடும். அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

கேள்வி (வவுனியா): இவ்வளவு கெட்டிக்காரர் ஏன் சிறைக்குப் போனார்?

பதில்: காசுக் கணக்கால். 161 பேர் அவரை நம்பி 1.27 கோடி டொலர் போட்டார்கள். தங்கம் வந்தது. வந்ததும் 1857இல் நட்டஈடு கொடுத்த காப்புறுதிக் கொம்பனிகளின் வாரிசுகள் 39 பேர் வழக்குக்கு வந்தார்கள். வருடக்கணக்கில் இழுபட்டு, ஏறக்குறைய 92 வீதம் தேடியவர்களுக்கு என்று தீர்ப்பானது. 2000இல் தங்கத்தில் பெரும்பகுதி சுமார் 5 கோடி டொலருக்கு விலைப்பட்டது. முதல் போட்டவர்களுக்குச் சல்லிக்காசு போகவில்லை. கடனுக்கும் சட்டத்தரணிகளுக்கும் போய்விட்டது என்பது அவர் தரப்புக் கதை. 2005இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் நீதிமன்றத்துக்கு வராமல் தலைமறைவு. 2015 ஜனவரியில் புளோரிடா ஹோட்டல் ஒன்றில் பிடித்தார்கள். 500 தங்கக் காசு எங்கே என்று நீதிபதி கேட்க, அவர் சொல்லவில்லை. சொல்லும்வரை உள்ளே, நாளுக்கு 1,000 டொலர் தண்டம். 2025இல்தான், இனி வைத்திருந்தும் இவர் வாய் திறக்கப் போவதில்லை என்று நீதிபதி அந்தத் தடுப்பை முடித்தார்.

சீட்டுக் கட்டிக் காசைத் தொலைத்த எங்கள் சனத்துக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேள்வி (துணுக்காய்): ஸ்கானர் உண்மையாகவே வேலை செய்யுமா?

பதில்: ஒட்டுசுட்டானுக்குச் சொன்னதே.

கேள்வி (கிளிநொச்சி, ஆசிரியர்): கண்டெடுத்தவனுக்குத்தானே பொருள்? ‘ஒடிசி’ என்ற அமெரிக்க ஆழ்கடல் தேடல் கொம்பனி எடுத்த 17 தொன் காசை ஸ்பெயின் பிடுங்கியது அநியாயம் இல்லையா?

பதில்: இல்லை, சேர். அது 1804இல் ஆங்கிலேயர் அடித்து வெடித்த ‘மெர்சிடிஸ்’ என்ற ஸ்பானியப் போர்க்கப்பலின் சரக்கு. 2007இல் கிரெக் ஸ்டெம் என்பவர் நடத்திய ஒடிசி அதை எடுத்து, கப்பலின் பெயரைச் சொல்லாமல் ‘கறுப்பு அன்னம்’ என்று ஒரு மறைபெயர் வைத்தது. போர்க்கப்பல் தாண்டாலும் அந்த நாட்டின் சொத்து என்று அமெரிக்க நீதிமன்றமே சொல்லி, 2012இல் காசெல்லாம் இரண்டு விமானங்களில் ஸ்பெயினுக்குப் போனது.

கிளிநொச்சி ஆசிரியர் மறுபடியும்: அந்த வெள்ளி பெரு நாட்டு மண்ணில் தோண்டியது. தோண்டியவன் அடிமை மாதிரி வேலை செய்த பழங்குடி. ஸ்பெயினுக்கு என்ன உரிமை?

பதில்: இதில் உங்களோடு நிற்கிறேன். பெருவும் அந்த வழக்கில் உரிமை கேட்டது, எடுபடவில்லை. ஆனால் சேர், உங்கள் முதல் கேள்வி அதுவல்ல. கண்டவனுக்குச் சொந்தம் என்றால் பெருவுக்கும் ஒன்றுமில்லை, ஒடிசிக்குத்தான். இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

கேள்வி (மாங்குளம்): சேர் சொல்வதுதான் சரி. 2006இல் எங்கள் கரையில் தட்டிய ஜோர்தான் கப்பல் ஃபரா-3க்கும் சொந்தக்காரன் வந்தானா?

பதில்: கரை தட்டியது வேறு, கைவிட்டது வேறு. தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி கொண்டுபோன கப்பல் அது. கொம்பனிக்கு ஒரு கடதாசி இருக்கும், அரிசிக்காரனுக்கு இன்னொன்று, காப்புறுதிக்காரனுக்கு வேறொன்று. வள்ளம் அறுத்துக்கொண்டு அடுத்த வாடியில் ஒதுங்கினால் அந்தச் சம்மாட்டிக்குச் சொந்தம் என்று விடுவீர்களா?

ஒடிசியே அடுத்த தடவை ஒழுங்காக நடந்தது. 1941இல் ஜேர்மன் நீர்மூழ்கி அடித்த ‘கேர்சொப்பா’, கல்கத்தாவிலிருந்து வெள்ளியும் தேயிலையும் ஏற்றி வந்த கப்பல். இறங்க முதலே பிரித்தானிய அரசோடு ஒப்பந்தம் எழுதினார்கள். செலவு போக 80 வீதம் கொம்பனிக்கு. 4,700 மீற்றர் ஆழத்திலிருந்து சுமார் 100 தொன் வெள்ளி எடுத்தும் யாரும் சண்டைக்கு வரவில்லை. அந்தக் கப்பலில் செத்த மாலுமிகளில் பெரும்பாலானோர் எங்கள் பக்கத்து ஆட்கள், இந்தியர்கள். அவர்களின் பங்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே, சேர்.

கேள்வி (பரந்தன்): இந்த வேலைக்கு எப்படிப் போவது?

பதில்: மின்னியலும் ஹைட்ராலிக்கும் படியுங்கள். பொருள் தேடும் கப்பல்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. எண்ணெய்க் கிணறும் கடலடிக் கேபிளும்தான் சம்பளம் தரும்.

கேள்வி (மல்லாவி): ஸ்கானர்...

பதில்: அடுத்தது.

கேள்வி (கொக்கிளாய், மீனவர்): ஒரே இடத்தில் வலை எப்போதும் சிக்கிக் கிழிகிறது. கப்பலாக இருக்குமா?

பதில்: இருக்கலாம், ஐயா. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் 2,000 வருடப் பழைய கப்பலைக் காட்டியதும் சங்கு குளிக்கும் ஆட்கள்தான். ஜிபிஎஸ் இலக்கத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஆனால் வலையில் உருண்டையாகவோ குழாய் மாதிரியோ இரும்பு வந்தால் தட்டிப் பார்க்க வேண்டாம், வலையை வெட்டிவிட்டு வாருங்கள். ஆழம் எத்தனை பாகம், அடி மணலா பாறையா என்று எழுதவில்லையே. அதை அனுப்புங்கள், பார்ப்போம்.