‘தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு!’
கேள்வி – பதில்: மென்பொருள் அணிகள்

கேள்வி: எங்கள் டீமில் ஆறு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர். இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலைக்கான காலம்). காலை ஸ்டாண்ட்-அப் (நின்றபடி பேசும் தினசரிக் கூட்டம்) முக்கால் மணி நேரம் ஓடுகிறது. எல்லோரும் ‘தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு’ என்கிறார்கள். கடைசி வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதி ஸ்டோரி (பயனருக்குத் தேவையான ஒரு சிறு வேலை) அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போகிறது. தப்பு எங்கே?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதல் திங்கட்கிழமையே தப்பு ஆரம்பித்துவிடுகிறது. ஆறு பேரும் ஆளுக்கொரு ஸ்டோரியோடு அவரவர் இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். ஆறும் ஏறக்குறைய ஒன்றாக, எட்டாவது வேலைநாள் மாலையில் டெஸ்டரிடம் வந்து விழும். ஒன்றைச் சோதிக்க ஒரு நாள் என்று வைத்தாலும் மிச்சம் இரண்டு நாள்தான். நாலு தேங்கியே தீரும். பிழை கிடைத்தால் திருப்பி அனுப்ப நேரமும் இல்லை. டெஸ்டர் மெதுவாக வேலை செய்கிறார் என்று பழி வேறு அவர் தலையில் விழும்.

கையில் இருக்கும் ஸ்டோரிகளுக்கு உச்சவரம்பு வையுங்கள். ஆறு பேருக்கு மூன்று போதும், ஒன்றுக்கு இரண்டு பேர். மூன்றில் ஒன்று டெஸ்ட் முடிந்து, வேலைகளை ஒட்டிவைக்கும் போர்டின் ‘டன்’ (முடிந்தது) பத்திக்குப் போகாமல் நாலாவதை யாரும் தொடக்கூடாது. முதல் வாரம் ‘சும்மா உட்கார்ந்திருக்கிறேனே’ என்று கை பரபரக்கும். அந்த நேரத்தில் டெஸ்ட் டேட்டா தயார் செய்யலாம், பக்கத்து ஜோடி எழுதிய கோட் சரிதானா என்று ரிவ்யூ செய்யலாம். கணக்கும் எளிது. வாரம் நாலு வேலை முடிக்கும் டீம் பன்னிரண்டைத் திறந்து வைத்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாக 3 வாரம். அதே வேகத்தில் ஆறை மட்டும் திறந்தால் ஒன்றரை வாரம்.

இன்னொன்று, ஸ்டோரியை வெட்டும் விதம். வைட் டவுன் விருந்தினர் இல்லம் ஒன்றுக்கு அறை முன்பதிவு ஆப் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் ஒருவர், ஏபிஐ (திரையையும் டேட்டாபேஸையும் இணைக்கும் பகுதி) ஒருவர், திரை ஒருவர் என்று பிரித்தால் மூன்றும் சேரும்வரை எதையும் முழுதாகச் சோதிக்க முடியாது. திரை நாள்-மாதம்-ஆண்டு என்று அனுப்புகிறது, ஏபிஐ ஆண்டு-மாதம்-நாள் என்று எதிர்பார்க்கிறது என்பது ஒன்பதாம் நாள்தான் தெரியவரும். குறுக்கே வெட்டாமல் நெடுக்கே வெட்டுங்கள். ஒரு அறை, ஒரு இரவு, பணம் கவுன்டரில்: இது முதல் ஸ்டோரி. பல இரவுகள் அடுத்தது. ஆன்லைன் கட்டணம், ரத்து எல்லாம் பிறகு. முதலாவது மூன்றே நாளில் ஓடும், இல்லத்துக்காரரிடம் காட்டவும் முடியும்.

கோட் எழுதத் தொடங்குமுன் ஸ்டோரியை எடுக்கும் ஜோடியும் டெஸ்டரும் இருபது நிமிடம் உட்கார வேண்டும். ஒரே அறையை இருவர் ஒரே விநாடியில் அழுத்தினால்? ஒருவர் காலி செய்யும் நாளிலேயே அடுத்தவர் வந்தால்? இந்தப் பேச்சில்தான் ‘அறை, இரவு இரண்டும் சேர்ந்தது ஒருமுறைதான் வரலாம்’ என்ற யூனிக் கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே போட வேண்டும் என்பது புரியும். திரையில் மட்டும் தடுத்தால் சனிக்கிழமை கூட்டத்தில் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும்.

ஸ்டாண்ட்-அப்புக்கு வருவோம். ஆள் வரிசையில் கேட்காதீர்கள், போர்டை வலமிருந்து இடமாகப் படியுங்கள். முடியப் போகிற ஸ்டோரி முதலில்: இதை இன்று முடிக்க என்ன தடை, யார் கைகொடுப்பது? ‘நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன’ என்ற மூன்று கேள்விகளை ஸ்பிரிண்ட் முறைக்கு வழிகாட்டும் ஸ்க்ரம் கைடே 2020 பதிப்பில் கைவிட்டுவிட்டது. 15 நிமிட வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. விவாதம் நீண்டால் சம்பந்தப்பட்ட இருவர் பிறகு தனியாகப் பேசட்டும். எல்லோரும் டீம் லீடைப் பார்த்தே பேசினால் அது ஸ்டாண்ட்-அப் அல்ல, அட்டென்டன்ஸ்.

கேள்வி: என் புல் ரிக்வஸ்ட் (எழுதிய கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) இரண்டு நாள் ரிவ்யூவுக்குக் காத்துக்கிடக்கிறது. சீனியர் அண்ணாவை எத்தனை முறை கேட்பது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அதன் அளவைப் பாருங்கள். 1,500 வரியைத் திறந்தவுடன் யாருக்கும் ‘சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம்’ என்றுதான் தோன்றும். 200 வரிக்குள் இருந்தால் அரை மணியில் முடித்துவிடுவார். மேலே மூன்று வரி எழுதுங்கள்: என்ன மாறியது, ஏன், எப்படிச் சோதிப்பது. இடைவெளி, அடைப்புக்குறிச் சண்டையை ஃபார்மேட்டர் கருவியிடம் விட்டுவிடலாம். இனி டீம் செய்ய வேண்டியது: ஸ்டாண்ட்-அப் முடிந்ததும் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, சொந்த வேலையைத் தொடுமுன் காத்திருக்கும் ரிவ்யூவைப் பார்ப்பது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே விஷயத்தில் கமென்ட் மூன்று தடவை போய் வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனை எடுங்கள்.

கேள்வி: பக்கத்து டீம் ஸ்பிரிண்டுக்கு 60 பாயின்ட் (ஸ்டோரியின் அளவுக்கு டீம் போடும் எண்) முடிக்கிறது, நீங்கள் ஏன் 35 என்று மேனேஜர் கேட்கிறார்.
– வாசகர், வில்லியனூர்

பதில்: பாயின்ட் அந்தந்த டீமின் சொந்த அளவுகோல். உங்கள் 3 அவர்களுக்கு 8 ஆக இருக்கலாம். ஒப்பிட ஆரம்பித்தால் அடுத்த மாதமே எல்லா ஸ்டோரியும் வீங்கிவிடும். கடந்த மூன்று ஸ்பிரிண்டில் எடுத்தது எத்தனை, முடித்தது எத்தனை என்ற கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ரெட்ரோவில் (ஸ்பிரிண்ட் முடிவில் குறைநிறை பேசும் கூட்டம்) யாரும் வாயைத் திறப்பதில்லை. சார் உட்கார்ந்திருக்கிறார்.
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: முதல் ஐந்து நிமிடம் பேச்சே வேண்டாம், எல்லோரும் பெயர் போடாமல் சீட்டில் எழுதட்டும். சீட்டுகளைக் கலந்து ஒருவர் படிக்கட்டும். பேசும்போது புதிதாகச் சேர்ந்தவர் முதலில், சார் கடைசியில். அவர் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவதோடு சரி. பத்துக் குறை வந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்து, ஒருவர் பெயர் போட்டு, அடுத்த ஸ்பிரிண்ட் போர்டில் கார்டாக ஒட்டுங்கள். போர்டில் ஏறாத தீர்மானம் மறுநாளே மறந்துபோகும்.

கேள்வி: மழைக்காலத்தில் பாதிப் பேர் கடலூரில் வீட்டிலிருந்து வேலை, பாதிப் பேர் புதுச்சேரி ஆபீசில். வீட்டில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஒருவர் வெளியே இருந்தாலும் எல்லோரும் அவரவர் லேப்டாப்பிலிருந்தே மீட்டிங்கில் சேருங்கள். ஆபீசில் நாலு பேர் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவருக்கு முணுமுணுப்புத்தான் கேட்கும். டீக்கடையில் எடுத்த முடிவானாலும் ஸ்டோரி கார்டில் இரண்டு வரி ஏற வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு பழக்கமும் தேவை: மாலை எழுந்திருக்குமுன், கோட் அரைகுறையாக இருந்தாலும் டீமின் பொது சர்வரில் தனி பிராஞ்சில் (கிளையில்) புஷ் செய்துவிடுங்கள், அதாவது ஏற்றிவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோது இந்தப் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கோட் ஒருவரின் லேப்டாப்புக்குள் மட்டும் இருந்தால், அவர் வீட்டில் கரண்ட் வரும்வரை மற்றவர்களும் காத்திருக்க வேண்டியதுதான்.